மூலப்பத்திரம் இல்லாத மோதிரம்

என் தொழில் பத்திரம் எழுதுவது. திருவண்ணாமலையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒடுங்கியிருக்கும் அறை என்னுடையது. இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் நிலத்துக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிய பத்திரம் எதுவும் இதுவரை கோர்ட்டில் தோற்றதில்லை. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம்.

என் மனைவியின் தொழில் வசனம் எழுதுவது. இந்த ஒரு வாக்கியத்தைத் தயங்காமல் எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

அவள் தமிழ் எம்.ஏ. படித்தவள். தனியார் பள்ளியில் பல வருடம் தமிழ் எடுத்தாள். வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது, தினமும் இரண்டு பஸ் மாற முடியாமல் வேலையை விட்டாள். கல்லூரித் தோழி ஒருத்தி சென்னையில் டப்பிங் ஸ்டுடியோவில் இருந்தாள். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுபவர்களுக்கு உதவியாக ஆள் வேண்டும் என்று அவள் சொல்ல, இவள் சரி என்றாள். வேலை முழுவதும் வீட்டிலிருந்தபடியேதான். லேப்டாப்பில் ஒரு வெள்ளைக்காரர் வாயைத் திறப்பார். அவர் எத்தனை முறை வாயைத் திறந்து மூடுகிறார் என்று இவள் மேசையில் விரலால் தட்டி எண்ணுவாள். அந்தக் கணக்குக்குள் தமிழ் அடங்க வேண்டும். அர்த்தமும் கெடக்கூடாது. பேச்சும் நம் ஊர்ப் பேச்சு மாதிரி இருக்க வேண்டும். இப்படித் தட்டித் தட்டியே எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் பாலிஷ் போய்விட்டது.

எனக்கு அது வேலையாகப் படவில்லை. கேட்டால் பொம்மைப்படம் என்பேன். அவள் எழுதியது வேறு யாரோ ஒருவர் பெயரில் வெளிவந்தது என்பதும் எனக்கு வசதியாக இருந்தது. பெயர் இல்லாத எழுத்து என்ன எழுத்து? பத்திரம் எழுதுகிறவன் கூடக் கடைசிப் பக்கத்தில், சாட்சிகளுக்குக் கீழே, தன் பெயரையும் உரிம எண்ணையும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பாகப்பிரிவினைப் பத்திரம் விஷயமாக வீட்டுக்கே வந்திருந்தார். மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு கிணறு, ஊர்ப்பட்ட சண்டை. பேச்சின் நடுவே, “வீட்ல அம்மா எங்கயாவது வேலைக்குப் போறாங்களா சார்?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

“இல்லீங்க, வீட்லதான் சும்மா இருக்காங்க” என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவள் காபியோடு வந்துகொண்டிருந்தாள். டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலை தட்டில் தோசையைப் போடும்போதுதான் சொன்னாள்: “சும்மா இருக்கறவ சுட்ட தோசை. பாத்து சாப்டுங்க.”

சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் அந்த எபிசோடு வந்தது. ஒரு சூப்பர் ஹீரோ தொடர். அதில் ஒரு எபிசோடை முழுசாக, தனியாக எழுதும்படி ஸ்டுடியோவில் சொன்னார்கள். வசனப் பொறுப்பைப் பார்க்கும் அம்மாள் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். இது சரியாக அமைந்தால் மீதித் தொடர் முழுவதும் இவளுக்கு, பெயரும் போடுவார்கள். சரியாக வராவிட்டால் சென்னையிலேயே எழுத ஆள் இருக்கிறது. கதை வெளியே போய்விடக்கூடாது என்பதால் அந்த எபிசோடை மட்டும்தான் அனுப்பினார்கள். அதற்கு அடுத்து என்ன நடக்கிறது என்று இவளுக்கும் தெரியாது, அந்த அம்மாளுக்கும் தெரியாது.

“நாப்பத்தாறு வயசுல இன்னொரு வாட்டி யாரும் கூப்பிட மாட்டாங்க” என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அவள் குரலில் பயத்தை நான் கேட்டது அன்றுதான்.

பத்து நாள் எழுதினாள். கடைசி நாள் பௌர்ணமி. பௌர்ணமி அன்று எனக்கும் லீவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். வேலூர் ரோடு முழுக்க ஜனம். கிராமத்திலிருந்து கட்சிக்காரர் யாரும் பத்திரம் பதிய வரமாட்டார். நான் லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எழுதி முடித்த வசனத்தைப் படம் ஓட ஓட வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவர்கள் தொழிலில் வழக்கம். இவள் ஒரு ஆளுக்குப் படித்தால் எதிர் ஆளுக்கு இன்னொருவர் படிக்க வேண்டும். எப்போதும் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் வந்து படிப்பாள். அவள் தோழிகளோடு கிரிவலம் போய்விட்டாள்.

“ஏங்க, எதிர் வசனம் படிக்க ஆளில்ல. நீங்க வந்து படிங்க. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்.”

படித்தேன். சார்பதிவாளர் முன்னால் பத்திரத்தைப் படித்துக்காட்டும் அதே தோரணையில் படித்தேன். “உலகத்தைக் காப்பாற்ற இன்னும் மூன்று நிமிடமே உள்ளது” என்பதை, “கிழமேலாக ஜாதியடி முப்பது” என்று மனை அளவைப் படிப்பது போலச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்சம் உயிரோடு படிக்கச் சொன்னாள். அதற்கு உரிமம் வாங்கவில்லை என்றேன்.

கதை இதுதான். இருபது வயதுப் பையன் ஒருவன் மழையில் பாலத்தில் நிற்கிறான். முகமூடி போட்ட ஒரு கிழவர் வந்து அவன் கையில் ஒரு மோதிரத்தைக் கொடுத்துவிட்டு மறைகிறார். அந்த மோதிரத்தைத் திருகினால் எந்தக் காலத்துக்கும் போகலாம். பையன் அதை வைத்துக்கொண்டு பறக்கிறான், ஊரைக் காப்பாற்றுகிறான், நாற்பது வருடம் ஓடிவிடுகிறது. இப்போது அவனே கிழவன். எபிசோடின் கடைசியில் கிழவன் முகமூடி மாட்டிக்கொண்டு, மோதிரத்தைத் திருகி, பழைய காலத்துக்குப் போகிறான். அதே மழை, அதே பாலம். அங்கே நிற்கும் இருபது வயதுப் பையன் கையில் மோதிரத்தைக் கொடுக்கிறான். முதலில் வந்த கிழவர் வேறு யாருமில்லை, இவனேதான். பையன் கேட்கிறான்: “இத யாரு செஞ்சாங்க?”

கிழவனின் பதில் என் பங்கு. இவள் எழுதியிருந்ததைப் படித்தேன்: “நான்தான் செஞ்சேன்.”

படித்துவிட்டு நிறுத்தினேன். அவள் படத்தை நிறுத்தினாள். என்ன என்று கேட்டாள்.

“இவன் எப்ப செஞ்சான்?” என்றேன்.

“எப்பவோ செஞ்சிருப்பான். படிங்க.”

எனக்கு விட மனமில்லை. அது என் குணம், அவளுக்கும் தெரியும். பேப்பரின் ஓரத்திலேயே வில்லங்கச் சான்று போட ஆரம்பித்தேன். ஒரு சொத்து யாரிடமிருந்து யாருக்கு எப்போது கைமாறியது என்று வரிசையாகக் காட்டுவதுதான் வில்லங்கச் சான்று. ஒன்று, மேற்படி மோதிரம் பாலத்தில் கிழவரிடமிருந்து பையனுக்கு. இரண்டு, நாற்பது வருடம் பையனின் அனுபவத்தில். மூன்று, அதே பாலத்தில், அதே நாளில், கிழவரிடமிருந்து பையனுக்கு. ஒன்றும் மூன்றும் ஒரே பத்திரம். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஆள். தனக்குத்தானே கிரயம் எழுதிக்கொள்ள எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இதில் செய்தவன் எங்கே வருகிறான்?

“ஏம்மா, இந்த மோதிரத்துக்கு மூலப்பத்திரமே இல்லியே” என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. உலகத்தில் எல்லாவற்றையும் காணி நிலமாகவே பார்ப்பீர்களா என்றாள். மூலத்தில் கிழவர் “என்னுடையது” என்கிற மாதிரிதான் சொல்கிறார், யார் செய்தது என்று கேட்டால் என்னுடையது என்பது நம் காதுக்குப் பதில் மாதிரியே இல்லை, அதனால்தான் கேள்விக்குச் சரியான பதிலாக மாற்றினேன் என்று விளக்கினாள். பள்ளிக்கூடத்து டீச்சர் அல்லவா? கேள்வி கேட்டால் பதில் ஒழுங்காக வந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் இருபத்தைந்து வருடம் எனக்குக் கைகொடுத்தது. என் அறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இந்த நிலம் உங்களுக்கு எப்படி வந்தது என்பதுதான். பெரும்பாலோர் அப்பா வாங்கினார், தாத்தா எழுதி வைத்தார் என்று கதையைத் தொடங்குவார்கள். சிலர் மட்டும் அதற்குப் பதில் சொல்லாமல், “எங்களுது சார்” என்பார்கள். திரும்பக் கேட்டாலும் அதேதான். அவர்களிடம் காகிதம் இருக்காது.

“கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம ‘என்னுது’ன்னு சொல்றவன்கிட்டதான் மூலப்பத்திரம் இருக்காது” என்றேன். “அந்தக் கெழவனுக்கு அது தெரியும். அதனாலதான் மழுப்புறான். நீ அவன் வாயில பொய்யப் போட்டுட்ட.”

அவள் படத்தைப் பின்னால் ஓட்டி, கிழவரின் முகத்தை மறுபடி பார்த்தாள். முகமூடிக்குக் கீழே வாய் மட்டும் தெரிகிறது. பதில் சொல்லும் முன் ஒரு கணம் தடுமாறுகிறது. மறுபடி ஓட்டினாள். மூன்றாவது முறை பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

“ஐயோ” என்றாள் மெதுவாக. “இந்த எபிசோடே இத நம்பித்தாங்க இருக்கு.”

நான் வெற்றி பெற்றவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவள் அடுத்ததைச் சொன்னாள். அந்தக் காட்சியை மட்டும் முன்கூட்டியே, நேற்றே அனுப்பியாகிவிட்டது. கிழவருக்குக் குரல் கொடுப்பவர் பெரிய நடிகர், அவருக்குத் தேதி கிடைப்பதே கஷ்டம், அதனால் அவர் பகுதியைக் காலையிலேயே பேசி முடித்திருப்பார்கள்.

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். விட்டுவிடு என்றேன். உனக்கும் அடுத்த கதை தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. நாளைக்கே ஏதாவது வந்தால், மூலத்தில் அப்படித்தான் புரிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். என் தொழிலில் அப்படித்தான். பத்திரத்தில் ஒரு சர்வே நம்பர் தப்பாகப் போனால் டைப் அடித்த பெண் தலையில் போட்டுவிட்டுப் பிழைதிருத்தல் பத்திரம் எழுதுவோம். பிழை என்னுடையது என்று இத்தனை வருடத்தில் ஒரு கட்சிக்காரரிடமும் நான் சொன்னதில்லை.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனை எடுத்து அந்த அம்மாளைக் கூப்பிட்டாள். நானும் கேட்கட்டும் என்றோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், பாலம் சீன்ல கடைசி வசனம் நான் தப்பா எழுதிட்டேன். மோதிரத்த அவரு செய்யல. அத யாருமே செஞ்ச மாதிரி தெரியல. மாத்தணும் மேடம்.”

எதிர்முனையில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. குரல் பதிவு முடிந்துவிட்டது, அந்த நடிகரை மறுபடி கூப்பிடுவது விளையாட்டில்லை, முதல் எபிசோடிலேயே இப்படியா என்று அந்த அம்மாள் சலித்துக்கொண்டார். மேலே கேட்டுப் பார்க்கிறேன், எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று வைத்துவிட்டார்.

நான் தப்பா எழுதிட்டேன். அந்த மூன்று வார்த்தையை அவள் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. குரல் இறங்கவில்லை, அழுகை இல்லை, யார் தலையிலும் போடவில்லை. அந்தத் தொடர் கிடைக்காமலே போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் நினைத்தேன். இப்படி ஒருத்தியோடுதான் இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அதோடு அவள் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. மாற்றச் சொன்னால் கையில் வசனம் இருக்க வேண்டுமே என்று மேசையைத் தட்ட ஆரம்பித்தாள். என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன்: “பூர்வீகமாக எங்கள் சுவாதீனத்தில் இருந்து வருகிறது.” அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கிழவர் பாலத்தைக் கடந்து வீட்டுக்கே போயிருப்பார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். போன் பேசியதற்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பத் தட்டினாள். அரை மணி நேரம் கழித்து வசனம் வந்தது.

“எப்பவும் என்னோடதுதான்.”

வாய்க்குச் சரியாக ஒட்டியது. பதில் மாதிரியும் இருந்தது, பதில் இல்லாமலும் இருந்தது. தடுமாற்றத்துக்கும் இடம் இருந்தது. பத்திரத்தில் ஓட்டையைக் கண்டுபிடிப்பது என் வேலை, கண்டுபிடித்தேன். ஆனால் அந்த இரண்டு வார்த்தை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது.

மூன்று நாள் போன் வரவில்லை. அவள் துணி மடித்தாள், பரண் துடைத்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பைச் சுத்தம் செய்தாள். மேசையைத் தட்டும் சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போல இருந்தது. நான் அறையில் உட்கார்ந்து இரண்டு பத்திரத்தில் எல்லையை மாற்றி எழுதி, தாளைக் கிழித்துப் போட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று கூடத் தோன்றியது. நான் கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அவளுக்கு வேலை கிடைத்திருக்கும்.

நாலாம் நாள் மத்தியானம் அந்த அம்மாள் கூப்பிட்டார். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது. தொடர் எடுத்தவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். மோதிரத்தை யாருமே செய்யவில்லை, அது எங்கிருந்து வந்தது என்பதுதான் மீதிக் கதை முழுவதும். “நான்தான் செஞ்சேன்” என்று போயிருந்தால் அடுத்த எபிசோடிலிருந்து தமிழில் பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே புரிந்திருக்காது. நடிகர் மறுபடி வந்து அந்த ஒரு வரியைப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். வரி நன்றாக இருப்பதாகவும் சொன்னாராம். கடைசியாக அந்த அம்மாள், “அடுத்த ஏழும் நீங்களே எழுதுங்க” என்றார்.

அவள் எனக்குப் போன் செய்து சொன்னபோது என் எதிரே ஒரு கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். என்ன சார் கண்ணு கலங்குது என்றார். ஜெராக்ஸ் கடைப் புகை என்றேன். ஜெராக்ஸ் மெஷினில் ஏது புகை?

தொடர் ஓடிடியில் வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு டிவியில் பார்க்க பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். பாலம், மழை, கிழவர். அந்த வரி வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண், “அப்படின்னா யாருதான் செஞ்சது?” என்று தானாகவே கேட்டாள். அந்தக் கேள்விதான் என் மனைவிக்கு வேண்டியிருந்தது.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. அந்தப் பெயர்களை யாரும் படிக்கக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்ட மாதிரி, டிவி தானாகவே அடுத்த எபிசோடுக்குத் தாவப் பார்த்தது. நான் ரிமோட்டைப் பிடுங்கி, பத்து விநாடி பின்னால் போகும் பொத்தானை அழுத்தினேன். தமிழ் வசனம் என்று போட்டு, அதற்குக் கீழே அவள் பெயர்.

முதலில் எனக்கு ஏதோ விட்டுப்போனது மாதிரி இருந்தது. பிறகுதான் உறைத்தது. இத்தனை வருடமாகப் பத்திரத்தில் எந்தப் பெண்ணின் பெயரையும் நான் தனியாக எழுதியதில்லை. இன்னாருடைய மனைவி, இல்லையென்றால் இன்னாருடைய மகள், அதற்குப் பின்னால் கதவு எண், தெரு, கிராமம். இங்கே ஒன்றுமில்லை. பெயர் மட்டும் வெள்ளையாக நின்றது. மறுபடி தாவப் பார்த்தது, மறுபடி பத்து விநாடி பின்னால் போனேன். நாலு தடவையோ ஐந்து தடவையோ போயிருப்பேன். போதும் விடுங்க, ரிமோட் தேஞ்சிடும் என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் செங்கத்துக்காரர் மறுபடி வந்தார். அண்ணன் தம்பிகள் ஒருவழியாகச் சமாதானமாகி, கிணற்றுக்குப் பொதுப்பாதை விட ஒப்புக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேசையைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காபியை நான் போட்டேன். அதில் சர்க்கரை ஜாஸ்தி, டிகாஷன் கம்மி. அவர் முகம் சுளிக்காமல் குடித்தார்.

இந்த முறை அவர் எதையும் கேட்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். போன தடவை நீங்கள் வந்தபோது தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. எனக்கு இருந்தது. என் மனைவியின் பெயரைச் சொன்னேன், முன்னும் பின்னும் எதுவும் சேர்க்காமல். டிவித் தொடருக்கு வசனம் எழுதுகிறார்கள், எட்டு எபிசோடு என்றேன். உள்ளே தட்டும் சத்தம் நின்றது.

அவர் ஆச்சரியப்பட்டு, டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப நீங்களும் அதுல எதாவது எழுதுறீங்களா சார்?”

“இல்லீங்க” என்றேன். “நான் அவங்களுக்கு எதிர் வசனம் படிக்கிறேன்.”